பின் சக்கரத்துக்குத் தேய்த்த எண்ணெய்

பழைய டயருக்குப் புதுப் பட்டை ஒட்டி ஓட்டலாமா, கூடாதா என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாண வீட்டுப் பந்தியிலும் சரி, பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற இடத்திலும் சரி, எவனாவது ஒருத்தன் கிடைத்துவிடுவான். "ரீட்ரெட் டயரா? ஐயையோ, அது எமனாச்சே" என்பான். பக்கத்தில் நிற்கிறவன், "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, புதுசு மாதிரியே ஓடும்" என்பான். இரண்டு பேருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்து என்னத்தைக் கண்டேன்? எங்கள் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்ததற்கு அந்த டயர்தான் காரணம் என்று தெருவில் பாதிப் பேர் சொன்னார்கள். இல்லை, என் புருஷன் பறந்து பறந்து ஓட்டியதுதான் காரணம் என்று கோர்ட்டு சொன்னது. இரண்டும் பொய்.

என் மாமனார் மயிலாப்பூரில் ஜட்கா வண்டி வைத்திருந்தார். கோயில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் லாயம், லாயத்தை ஒட்டி எங்கள் வீடு. கல்யாணமாகி உள்ளே கால் வைத்த அன்றைக்கு முதலில் என் மூக்கில் ஏறியது குதிரை லத்தி வாடை. அடுத்தது எண்ணெய் வாடை. சனிக்கிழமை காலையில் மாமனார் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகச் சுடவைப்பார். அதில் கொஞ்சம் வேப்பெண்ணெய் விடுவார். சேணம், கடிவாளம், வார் என்று தோல் என்று பெயருள்ள எல்லாவற்றையும் மடியில் போட்டுக்கொண்டு தேய்ப்பார். வேப்பெண்ணெய் எதற்கு என்றால், அப்போதுதான் எலி வாய் வைக்காதாம். பெற்ற பிள்ளைக்குத் தேய்த்துவிடுகிற மாதிரி அப்படி ஒரு அக்கறை. அவர் வண்டியில் வார் அறுந்தது என்று ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு.

அப்புறம் பஸ் வந்தது. மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் என்று புதிதாக மனை போட்டுக்கொண்டிருந்த காலம். கண்டவனெல்லாம் பஸ் விட்டான். நேற்றுவரை ஜட்காவுக்குக் கை தட்டிக் கூப்பிட்டவர்கள், இன்றைக்குக் குதிரையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாமனார் ஒவ்வொரு குதிரையாக விற்றார். கடைசிக் குதிரை போன அன்றைக்குச் சாப்பிடாமல் சுருண்டு படுத்துக்கொண்டார். அதையும் சேர்த்து விற்றுத்தான் எங்களுக்கும் ஒரு பஸ் வந்தது. யாரோ ஓட்டி அலுத்த பழைய பஸ்தான். என் புருஷன் அதற்கு முன்பே இன்னொருத்தர் பஸ்ஸில் ஏறி இறங்கி ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கியிருந்தார். குளக்கரையில் ஆளை ஏற்றி, சாந்தோம் வழியாக அடையாற்றுக்குப் போய்வருவார். அந்த லைசென்ஸ்தான் எங்கள் அடுப்பில் எரிந்த நெருப்பு.

குதிரை போன பிறகு மாமனாருக்குச் சனிக்கிழமை வந்தால் கை துறுதுறுக்கும். லாயத்தில் குதிரை நின்ற இடத்தில் பஸ் நிற்கிறது. தேய்ப்பதற்குத் தோல் இல்லை. ஒரு சனிக்கிழமை பார்க்கிறேன், மனுஷர் கிண்ணத்தோடு பஸ்ஸுக்குப் பக்கத்தில் குந்தி, டயருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னா மாமா, இதுக்குப் போயி?" என்று கேட்டேன்.

"இதுவும் ஒரு மாரி தோலுதானேம்மா. வெயில்ல ஓடிக்கினே கீது. காஞ்சி வெடிச்சிடாது?" என்றார்.

டயர் கறுகறு என்று மினுங்கியது. குளக்கரையில் மற்ற பஸ்காரர்கள்கூடப் பார்த்து, "இன்னா நைனா, வண்டிக்கு நலங்கா?" என்று கேலி பண்ணுவார்கள். அவருக்கு வாயெல்லாம் பல். என் புருஷனும் சிரிப்பார். குதிரையை நினைத்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்த மனுஷர் திரும்ப எழுந்து நடமாடுகிறாரே என்று எங்களுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

டயர் தேய்ந்து மொட்டையானது. சீமை டயர் புதிதாக வாங்க எங்களுக்கு எங்கே முடியும்? அப்போதுதான் மாம்பலத்தில் ஒருத்தர் கொட்டகை போட்டுப் பழைய டயருக்குப் பட்டை ஒட்டித் தருகிறார் என்று கேள்விப்பட்டோம். புது நகரைப் பார்க்கலாமே என்று நானும் கூடவே போனேன். நகர் எங்கே இருந்தது? பாதி இடம் சேறு, பாதி இடம் செங்கல். கொட்டகைக்குள் ரப்பர் வேகிற நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பட்டைக்காரர் வாய்த் துடுக்கான ஆள். மொட்டை டயரை அரத்தால் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் என்கிற பசையைப் பூசி, மேலே வேகாத பச்சை ரப்பரைச் சுற்றி, இரும்பு அச்சுக்குள் வைத்து நீராவியில் வேகவைத்தார். வெந்து வெளியே வந்தபோது பூ வேலை போட்ட மாதிரி புதுப் பட்டை. எல்லா டயரையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றைக் கைவிட்டுத் துழாவிப் பார்த்துத் தூக்கி எறிந்தார்.

"இதுக்கு உள்ள நூலு அறுந்துபோச்சு. நான் பட்டை போட்டா பட்டைதான் நிக்கும், டயரு நிக்காது. எடுத்துக்கினு போ" என்றார். நல்ல டயர்களுக்குப் பட்டை ஒட்டிக் கையில் கொடுக்கும்போது, "தோ பாரு, பின்னாடி மட்டும்தான் மாட்டணும். முன்னாடி மாட்டிட்டு எங்கிட்ட வந்து அழாத. காத்து கொறையாம பாத்துக்க" என்றார்.

என் புருஷன் அப்படியே செய்தார். முன்னால் நல்ல டயர், பின்னால் பட்டை. தினம் காலையில் காற்று அடித்துத் தட்டிப் பார்க்காமல் வண்டியை எடுக்கமாட்டார். எண்ணெயைப் பற்றி அந்தப் பட்டைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? டயருக்கு எண்ணெய் தேய்க்காதே என்று உலகத்தில் எவன் சொல்லுவான்? சோற்றில் மண்ணள்ளிப் போடாதே என்று யாராவது யாருக்காவது சொல்லிக்கொண்டிருக்கிறார்களா?

மாமனாருக்கு அந்த ஒட்டுப் பட்டையில் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. பழைய ரப்பரும் புது ரப்பரும் சேர்கிற இடத்தில் மெலிதாக ஒரு கோடு தெரியும். அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்ப்பார். "ஒட்டுன எடம்தாம்மா எப்பவும் மோசம் பண்ணும். வாருல தையல் வுட்ட எடம் மாரி. கொஞ்சம் எண்ண குடிச்சா கெட்டியா புடிச்சிக்கும்" என்பார். சனிக்கிழமைதோறும் மற்ற இடத்தில் மேலாகத் தடவிவிட்டு, அந்தக் கோட்டில் மட்டும் கட்டை விரலை வைத்து அழுத்தி அழுத்தி எண்ணெயை ஏற்றுவார். சுற்றி ஒரு இடம் விடமாட்டார். மகன் உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி அல்லவா? அந்தப் பயம் அவருக்கு. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரிவதில்லை.

அதே பட்டைக்காரர் ஒட்டிய டயரை மாட்டிக்கொண்டு குளக்கரையில் இன்னொரு பஸ் ஓடியது. அது எத்தனை காலம் ஓடியது தெரியுமா? பட்டையும் தேய்ந்து, கீழே பழைய ரப்பரும் தேய்ந்து, நூல் தெரிகிற வரைக்கும் ஓடியது. பட்டை பிரியவே இல்லை. அந்த பஸ்காரருக்கு டயருக்கு எண்ணெய் தேய்க்கிற அப்பா இல்லை.

பங்குனித் திருவிழா முடிந்த வாரம். வெயில் மண்டையைப் பிளந்தது. அடையாற்றுக்குப் போகிற நடையில் பஸ்ஸில் ஆள் அதிகம் இல்லை. சாந்தோம் குப்பத்திலிருந்து மீன் கூடையோடு ஒரு பெண் தினமும் ஏறுவாள். அடையாற்று பங்களாக்களில் மீன் விற்கிறவள். என் வயதுதான் இருக்கும். மீன் வாடைக்கு மற்றவர்கள் முறைப்பார்கள் என்று அவளாகவே கடைசி இருக்கைக்குப் போய்விடுவாள். "டிரைவர் அண்ணே, கூடை குலுங்காம ஓட்டு, மீனுக்கு உசுரு வந்துடப் போவுது" என்று அங்கிருந்தே சத்தம் போடுவாளாம். என் புருஷன் வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார்.

அடையாற்றுப் பாலத்துக்கு முந்தைய வளைவில் பின் சக்கரத்துப் பட்டை கழன்றது. மொத்தமாக உரிந்து, சுழன்று, பிரேக் கம்பியில் சுற்றிக்கொண்டது. சக்கரம் சட்டென்று நின்றது. பஸ் குறுக்கே திரும்பி, பின்பக்கம் போய்ப் புளியமரத்தில் மோதியது. முன்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்பு, என் புருஷனுக்கு நெற்றியில் காயம். கடைசி இருக்கையில் இருந்தவள் அங்கேயே போய்விட்டாள். ரோடெல்லாம் மீன் கிடந்ததாம்.

போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போய், பிறகு ஜாமீனில் விட்டது. பஸ்ஸை மாடு கட்டி இழுத்துக்கொண்டுபோய் ஸ்டேஷனில் நிறுத்தினார்கள். பட்டைக்காரருக்குச் செய்தி போய், அவர் பதறிக்கொண்டு வந்தார். தன் வேலையில் குறை என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம் அவருக்கு. என் புருஷனும் அவரும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பட்டையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். மாமனார் வக்கீலைப் பார்க்கப் போயிருந்தார். நான் மோர் கொண்டுவந்து வைத்தேன். பட்டைக்காரர் மோரைத் தொடவில்லை. விரலை முகர்ந்துகொண்டே இருந்தார்.

"இன்னாபா இது, வேப்பெண்ண வாடை அடிக்கிது?" என்றார்.

என் புருஷன் குனிந்து நெற்றிக் கட்டைச் சரிசெய்துகொண்டார்.

"பட்டைக்கு உள்பக்கம் பூராவும் கொழகொழன்னு கீது. என் சொல்யூசன் எல்லாம் கரைஞ்சி போச்சு. ரப்பருக்கு எண்ணதான்பா எமன், ஊறிப்போயி வுட்டுரும். யாரோ சந்து பாத்து எண்ணய ஏத்திக்கீறாங்க. யாருபா உனுக்கு இப்பிடி ஒரு வேலய செஞ்சது? எதிரி எவனாச்சும் கீறானா?"

மாடத்தில் அந்தப் பித்தளைக் கிண்ணம் இருந்தது. என் புருஷன் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் வாய் திறந்துவிட்டது. அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வையை அவர் பார்த்ததில்லை.

"தெரியலபா" என்றார்.

"நான் கோர்ட்ல வந்து சொல்றேன். எண்ணதான் காரணம், ஓட்டுனவன் மேல தப்பு இல்லன்னு சொல்றேன். நீ தப்பிச்சிக்கலாம்."

"வாணாம்பா. சொன்னா, எண்ண தேச்சது யாருன்னு கேப்பாங்க."

 பட்டைக்காரர் பார்வையும் மாடத்துக்குப் போனது. புரிந்துவிட்டது. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மாமனார் எங்களை வக்கீல் வீட்டுக்கு அழைத்துப் போனார். மாட வீதிக்காரர். நல்ல மனுஷர்தான், சட்டென்று வழி சொன்னார். "இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? பட்டை சரியா ஒட்டலை, அதான் பிரிஞ்சுதுன்னு சொல்லிடு. ஊரே அந்த டயரைப் பார்த்துப் பயந்துண்டு இருக்கு, மாஜிஸ்திரேட் நம்புவார். ஒட்டினவன் பாடு. உன் லைசென்ஸ் தப்பிச்சுடும்" என்றார்.

"ஆமாம் சாமி, அந்தப் பாவிதான் காரணம். நான் அப்பவே சொன்னேன், ஒட்டுன எடம் மோசம் பண்ணும்னு. நான் மட்டும் வாரத்துக்கு வாரம் எண்ண வெச்சி..." என்று மாமனார் ஆரம்பித்தார்.

என் புருஷன் குறுக்கே விழுந்தார். "நைனா, நீ சும்மா இரு. சாமி, டயரு மேல தப்பு இல்ல. நான்தான் வேகமா போயிட்டேன்."

 வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உனக்கென்ன பைத்தியமா?" என்றார்.

அதையேதான் நானும் கேட்டேன். மாமனார் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, லாயத்துக்குள் என் புருஷனைப் பிடித்து உலுக்கினேன். "யோவ், உனுக்கு மூள கீதா? நீ மெதுவா போனேன்னு உனுக்குத் தெரியும், எனுக்குத் தெரியும், கோயில்ல கீற சாமிக்குத் தெரியும். இன்னாத்துக்குய்யா பொய் சொல்லி ஜெயிலுக்குப் போற?"

"வேற இன்னாத்த சொல்லச் சொல்ற? ஒட்டுனவன் மேல போடச் சொல்றியா? அவன் நல்லாதானே ஒட்டுனான்."

"அப்ப நெசத்த சொல்லு!"

"சொன்னா இன்னா ஆவும் தெரியுமா? நைனாவ ஜெயில்ல போடமாட்டாங்க. ஆனா தெரிஞ்சிடும். தன் கையால ஒரு பொம்பளய சாவடிச்சோம்னு தெரிஞ்சிடும். அப்பறம் அந்த ஆளு சோறு துண்ணுமா? ஒரு குதிர போனதுக்கே எப்பிடிப் படுத்துக்கினு கெடந்துச்சி, நீதான் பாத்தியே."

"என்னிய பத்தி நெனச்சியா? நாளைக்கு நம்ம கெதி?"

அவர் கிட்டே வந்தார். என் தாலியை எடுத்து என் கையிலேயே வைத்து மூடி, "யாரு கிட்டயும் சொல்லமாட்டேன்னு இது மேல சத்தியம் பண்ணுமே" என்றார். அழுதுகொண்டே பண்ணினேன். பண்ணாமல் என்ன செய்வது? கண்ணெல்லாம் கலங்கி அப்படி நிற்கிறார்.

கோர்ட்டில் அதிகம் நேரம் ஆகவில்லை. குற்றத்தைத்தான் ஒப்புக்கொண்டாரே. வளைவில் இப்படித்தான் ஓட்டுவதா என்று மாஜிஸ்திரேட் நாலு வார்த்தை திட்டினார். ஜெயில் கொடுத்தார். இனி எந்த மோட்டாரையும் தொடக்கூடாது என்று லைசென்ஸையும் பிடுங்கிக்கொண்டார். ஜெயிலுக்குக்கூட நான் அப்படி அழவில்லை. ஜெயில் என்றால் ஒரு நாள் விடுவான். லைசென்ஸ் போனால் போனதுதானே.

அவர் உள்ளே இருந்தபோது, செத்துப்போனவளின் அம்மா ஒரு நாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் ஜெபமாலை. சண்டைக்கு வந்திருக்கிறாள், மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று பயந்தேன். தூற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் உள்ளே வரவும் இல்லை, உட்காரவும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேம்மா. அவ்ளோ அவசரமா எங்க போனாரு உன் வூட்டுக்காரரு?" என்றாள்.

 அவர் எங்கேயும் அவசரமாகப் போகவில்லை தாயே என்று அவள் காலில் விழுந்திருப்பேன். பின்னால் மாமனார் வந்து நின்றுவிட்டார். அவரே பதில் சொன்னார். "திமிருதாம்மா. வேற இன்னா? நான் இத்தினி வருசம் வண்டி ஓட்டுனேன், ஒரு கோழிய ஏத்துனது இல்ல. எனுக்கு வந்து பொறந்துக்குது பாரு" என்று அழுதார். அவளும் அழுதாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு ஆரம்பித்த பேச்சை மாமனார் கடைசிவரை விடவில்லை. மகன் ஜெயிலிலிருந்து வந்து வாசல்படி ஏறும்போது, "வந்துட்டாரு தொரை, பறந்துகினு" என்றார். சோற்றுக்கு உட்கார்ந்தால், "மெதுவா துண்ணு, அதுலயும் வேகம் காட்டாத" என்பார். தெருவில் யாராவது ஒட்டு டயரைக் குறை சொன்னால் நின்று சண்டைக்குப் போவார். "டயரு நல்ல டயருய்யா. நான் பாத்து பாத்து வெச்சிருந்தேன். ஓட்டுனவன் சரியில்ல" என்பார். பட்டைக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? அவர் கொட்டகையைப் பெரிதாக்கினார், கூரைக்கு ஓடு போட்டார். நன்றாக இருக்கட்டும். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் போனதுதான் கஷ்டம்.

இப்போது மாமனாரும் இல்லை, அவர் மகனும் இல்லை. என் கழுத்தில் தாலியும் இல்லை. தாலி போன பிறகு அதன்மேல் பண்ணிய சத்தியத்துக்கு என்ன மரியாதை? அதனால்தான் சொல்கிறேன். ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டுமோ, மீன்காரியைப் பெற்ற அந்தக் கிழவி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவர் ஜெயிலிலிருந்து வந்ததும் பஸ்ஸைக் கழற்றி இரும்புக்குப் போட்டுவிட்டோம். மோட்டார் தெரிந்த கைக்கு மோட்டாரைத் தொட அனுமதி இல்லை. வேறு வழியில்லாமல் என் புருஷன் கை ரிக்‌ஷா இழுக்கப் போனார். பஸ் ஓட்டிய அதே சாந்தோம் ரோட்டில், வெறுங்காலோடு, வக்கீல்களையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் வைத்து இழுத்தார். போகப் போக இருமல் வந்தது. முதுகு வளைந்தது. இழுக்க ஆரம்பித்த வாரமே அந்த ரிக்‌ஷாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, குதிரை நின்ற, பிறகு பஸ் நின்ற அதே இடத்தில் நிறுத்தினார்.

ரிக்‌ஷா வந்த பிறகு முதல் சனிக்கிழமை. மாமனார் எழுந்தார். அத்தனை மாதமாகத் தொடாமல் கிடந்த பித்தளைக் கிண்ணத்தை மாடத்திலிருந்து எடுத்தார். நல்லெண்ணெயைச் சுடவைத்தார், வேப்பெண்ணெய் விட்டார். ரிக்‌ஷா சக்கரத்தைச் சுற்றி ஒரு கெட்டி ரப்பர் வளையம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் குந்தினார்.

எனக்கு என்ன வந்ததோ, அடுப்படியிலிருந்து ஓடிவந்து கிண்ணத்தைப் பிடுங்கப் போனேன். என் புருஷன் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, இன்னாத்துக்குப் புடுங்கற?" என்றார் மாமனார். "இத்தயாச்சும் பத்திரமா வெச்சிக்கட்டும். அந்த பஸ்ஸுக்கு எவ்ளோ பாத்து பாத்து தேச்சேன். இவன் வேகத்துக்கு எந்த டயரும்மா தாங்கும்?"

நான் என் புருஷன் முகத்தைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லேன் என்று என் கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் என் கையை விட்டுவிட்டு, ரிக்‌ஷாவின் பக்கத்தில் போய்க் குனிந்தார். அப்பாவின் கைக்கு எட்டுகிற மாதிரி சக்கரத்தை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்தப் பக்கம் காஞ்சி கீது நைனா" என்றார். "இங்க தேய்."

மாமனார் கட்டை விரலை எண்ணெயில் தோய்த்து, அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார்.